டியூப்லைட்டில் ஒரே நீலம்

விளையாட்டுச் சாமான் அறையை விட்டு வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான், தான் போட்டிருப்பது வேலுமணியின் டி-ஷர்ட் என்று தரணீதரனுக்குத் தெரிந்தது. முன்னால் வேலுமணி ஸ்கிப்பிங் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி போய்க்கொண்டிருந்தான். அவன் முதுகில் மே மாத வெயில் நேராக விழுந்தது. அந்த முதுகில் இருந்த நீலம் தரணியின் அணிக்கு உரிய நீலம்.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இரண்டும் நீலம், இரண்டும் ஒரே அளவு, இரண்டின் நெஞ்சிலும் 'இளந்தளிர் கோடை முகாம்' என்று ஒரே அச்சு. மாறினால்தான் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள். திருப்பூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, எதிர் வரிசைக்காரரின் பனியன் என்ன துணி, என்ன தையல், எந்தக் கம்பெனி என்று கண்ணாலேயே அளந்து முடித்துவிட்டுத்தான் ரசத்துக்கு வருவார்கள்.

அந்தக் கண்களிலெல்லாம் பெரிய கண் தரணியின் அப்பா பொங்கியண்ணனுடையது. அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். முகாமுக்கு வேண்டிய டி-ஷர்ட்டுகளை இலவசமாகத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஏற்றுமதிக்குப் போக மீந்த துணி. இரண்டு தடவையாகச் சாயம் போட்டதால் இரண்டு லாட். ஒன்றில் துளி பச்சை ஓடும், இன்னொன்றில் துளி சிவப்பு ஓடும். ஒரு பெட்டியில் இரண்டு லாட்டைக் கலப்பது அவருக்குச் சோற்றில் மண் விழுந்த மாதிரி. அதனால் பச்சை ஓடுவது அமராவதி அணிக்கு, சிவப்பு ஓடுவது நொய்யல் அணிக்கு என்று அவரே பிரித்து, பெட்டி மேல் எழுதி அனுப்பினார். அமராவதி அணிக்குப் பொறுப்பாளன் தரணி. நொய்யல் அணிக்கு வேலுமணி.

இதில் ஒரு விஷமம் இருந்தது. அந்த இரண்டு நீலமும் டியூப்லைட்டின் கீழ் அண்ணன் தம்பிகள். வெயிலுக்கு வந்தால் பங்காளிகள். கம்பெனிகளில் இதற்காகவே ஒரு விளக்குப் பெட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு விளக்கின் கீழும் துணியைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பாஸ் செய்வார்கள். தரணி அந்தப் பெட்டியின் முன்னால் வளர்ந்தவன். ஆனால் சாமான் அறையில் எரிந்தது டியூப்லைட். ஜன்னல் கிடையாது. மேலே தகரம், மின்விசிறி இல்லை. உள்ளே போன ஐந்தாவது நிமிடம் இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் பாய்க்கட்டின் மேல் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கூடத்தில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாளில் இவர்களுக்கென்று கிடைத்தது அந்த அரை மணி நேரம்தான். முகாமுக்கு உதவ வந்திருந்த சித்ராதேவி டீச்சர் கதவைத் தட்டி, ஸ்கிப்பிங் கயிறு வேண்டும், மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று சொன்னதும், கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். மற்றதெல்லாம் வெயில் பார்த்துக்கொண்டது.

"வேலு, நில்லுடா." தரணியின் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டதும் வேலுமணி திரும்பினான். விஷயத்தைச் சொன்னதும் அவன் தன் நெஞ்சைப் பார்த்தான், தரணியின் நெஞ்சைப் பார்த்தான், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று சிரித்தான்.

"நெசவுக்காரன் ஊட்டுல பொறந்துட்டு இது தெரியலீங்கறே. எங்கப்பன் கேட்டுக்குள்ள வரும்போதே கண்டுபிடிச்சுருவாரு."

"கண்டுபிடிச்சா? கொடியில மாறிப்போச்சுன்னு சொல்லு. ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

வேலுமணி அப்படித்தான். தாராபுரத்தில் ஒரு பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறான். எந்த இக்கட்டுக்கும் ஒரு வசனம் வைத்திருப்பான். தரணிக்கு வசனம் வராது. அவனுக்கு வந்ததெல்லாம் பயம்தான். எட்டாம் வகுப்பில் தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பயத்தைக் கையில் எண்ணெய்க் கிண்ணம் மாதிரி ஏந்திக்கொண்டு, சிந்தாமல் நடந்து நடந்து இருபத்தேழு வயதுக்கு வந்துவிட்டான். அம்மா குழந்தையம்மாள் மூன்று ஜாதகங்களை ஜோசியரிடம் கொடுத்துவிட்டு ஆவணிக்குள் முடித்துவிடலாம் என்று காத்திருந்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டு முகாமுக்கு ஓடிவந்திருந்தான்.

முகாம் நடந்தது குண்டடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், ஒரு தனியார் பள்ளி வளாகத்தில். முதலாளிகளின் பிள்ளைகளும் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுமாக நூற்றறுபது பேர். முதல் இரண்டு நாள் தரணியும் வேலுமணியும் "வாங்க", "போங்க" என்றுதான் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் படுக்கைகள் நனையாமல் ஒரு தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாக முக்கால் மணி நேரம் தூக்கிப் பிடித்து நின்றார்கள். கை மரத்துப்போனது. மழை விட்டபோது 'ங்க' எங்கேயோ கரைந்து போயிருந்தது. அன்றைக்கு வேலுமணி அவன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கண்ணைப் பார்த்தான். தரணி பார்வையை விலக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவும் நடந்துவிட்டது.

ஆறாம் நாள் ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பார்க்கத் தரணி தன் வாட்ச்சைக் கழற்றி வேலுமணியின் கையில் கட்டினான். படிப்பு முடித்தபோது அப்பா வாங்கிக்கொடுத்த வாட்ச். பந்தயம் முடிந்து அவன் திருப்பிக் கொடுத்தபோது, வைத்துக்கொள், உனக்குத்தான் என்று சொல்லிவிட்டான். அந்தச் சந்தோஷம் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இருந்தது. ஒன்பது மணிக்கு அப்பா வீடியோவில் கூப்பிட்டார். கை வெறுமையாக இருக்கிறதே, வாட்ச் எங்கே என்று கேட்டார். தரணி காணோம் என்று சொல்லிவிட்டான்.

பயந்தவன் சொல்லும் பொய் அவனோடு நிற்காது. அப்பா உடனே முகாம் நடத்தும் பழனிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னார். பழனிமுத்து ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். மறுநாள் காலையில் பாத்திரம் கழுவும் அம்மாக்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்ட பீகார்க்காரரின் டிரங்குப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தார். அதில் இரண்டு லுங்கியும் ஒரு சாமி படமும்தான் இருந்தன. தரணி தூணோரமாக நின்று அத்தனையையும் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டும் வேலுமணி சிரிக்கவில்லை. "அப்ப நாந்தான் திருடன்னு ஆச்சு" என்று சொல்லி, வாட்ச்சைத் துண்டில் சுற்றித் தன் பைக்குள் ஆழமாக வைத்துவிட்டான்.

இன்று நிறைவு விழா. நாலு மணிக்கு. சிறப்பு விருந்தினர் பொங்கியண்ணன்.

குளியலறைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று தரணி சொன்னான். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆனால் மைதானத்தில் மாஸ்டர் விசில் ஊதிவிட்டார். பெற்றோர் வர ஆரம்பித்தாயிற்று, பொறுப்பாளர்கள் அவரவர் அணியோடு வரிசைக்கு வர வேண்டும், யாரும் நகரக்கூடாது என்று மைக்கில் அவர் குரல். பிள்ளைகள் கூடத்திலிருந்து ஓடிவந்து இருவரின் கைகளையும் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். கேட்டுக்குள் வெள்ளைக் கார் ஒன்று மெதுவாக நுழைந்தது. விழாவுக்கு இன்னும் அரை மணி இருந்தது. அப்பா எப்போதும் அரை மணி முன்னால்தான் வருவார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தரணிக்குத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது மாதிரி இருந்தது. பிள்ளைகளின் பாட்டு. வேலுமணி சொல்லிக்கொடுத்த நாடகம், அதற்குக் கைதட்டல். அப்பாவுக்குப் போட்ட பொன்னாடை. அவர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தபோது தரணி தன் வரிசையின் கடைசியில் ஒரு சாக்குப்பை போல் நின்றான். உயரமான பிள்ளையின் பின்னால் ஒண்டிக்கொள்ளப் பார்த்தான். பிள்ளைகள் யாரும் அவன் நெஞ்சு உயரம்கூட இல்லை. கும்பிடாத சாமியில்லை. வெயில் இறங்கினால் போதும், ஒரு மேகம் வந்தால் போதும். வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை.

கடைசியாகக் குழுப் படம். நடுவில் பொங்கியண்ணனுக்கு நாற்காலி. இடது பக்கம் அமராவதி, வலது பக்கம் நொய்யல், ஓரத்தில் பொறுப்பாளர்கள். போட்டோக்காரர் தயாராகிவிட்டார். பொங்கியண்ணன் நாற்காலியில் உட்காரப் போனவர், பேக்கிங் பிரிவில் பெட்டியை மூடும் முன்னால் ஒரு தடவை எட்டிப் பார்க்கிற அதே பழக்கத்தில், வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். உட்காரவில்லை.

"ஏனுங்க மாஸ்டர், லாட் கலந்து நிக்குதுங்களே."

மாஸ்டருக்குப் புரியவில்லை. பொங்கியண்ணன் சிரித்தார். தன் பையன் நொய்யல் பனியனைப் போட்டிருப்பதையும், அந்தத் தம்பி அமராவதி பனியனைப் போட்டிருப்பதையும் கையைக் காட்டி விளக்கினார். படத்தில் பளிச்சென்று தெரியும், மாற்றிக்கொண்டு நின்றால் அழகாக இருக்கும் என்றார். பெற்றோர் கூட்டத்தில் பாதிப்பேர் இதே தொழில். அட ஆமாங்க என்று அவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவுதான் விஷயம். அந்த மனிதர் மனதில் நிறத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கொடியில் மாறிப்போச்சுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

ஆனால் தரணிக்குக் கேட்டது வேறு. எல்லோரும் சிரித்தது அவனுக்குத் தெரிந்துபோனவர்களின் சிரிப்பாகக் கேட்டது. அவன் வாயைத் திறந்தபோது, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்தது.

"நான் மாத்தலீங்கப்பா. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நான் கொடியில காயப்போட்டிருந்தேன், அவன்தான் என்னுதை எடுத்துப் போட்டுட்டானுங்க."

சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. சிரிப்பு நின்றது. மாஸ்டர் வேலுமணியை மேலும் கீழும் பார்த்தார். நாலு நாளாகக் கிடைக்காத வாட்ச் அவர் முகத்தில் வந்து நின்றது எல்லோருக்கும் தெரிந்தது.

"அடுத்தவங்க பொருளை எடுக்கற பழக்கம் இருக்குதா உனக்கு?" என்று கேட்டார்.

வேலுமணி தரணியை ஒரே ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தரணிக்குத் தாங்கியிருக்கும். மழை விட்ட பிறகு கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே பார்த்த அதே பார்வைதான்.

"ஆமாங்க மாஸ்டர்," என்றான். "பனியனை நாந்தான் எடுத்தேன்."

மாஸ்டர் சித்ராதேவி டீச்சரை அனுப்பி வேலுமணியின் பையைக் கொண்டுவரச் சொன்னார். இத்தனை பேருக்கு முன்னால் ஒருவர் பையைத் திறப்பது முறையில்லை என்று டீச்சர் தயங்கினார். மாஸ்டர் கேட்கவில்லை. டீச்சர் போய்விட்டு, நடக்க முடிந்த அளவுக்கு மெதுவாக நடந்து வந்தார். சிவப்புப் பை. நாற்காலியின் மேல் வைத்தார்கள். யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை நொய்யல் வரிசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். போலீசைக் கூப்பிடலாமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தெறந்து பாருங்க," என்றான் வேலுமணி. குரலில் வசனமே இல்லை.

உள்ளே துண்டு, துண்டுக்குள் வாட்ச். தரணிக்கு அது பையின் துணி வழியாகவே தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் வேலுமணி திருடனாகிவிடுவான். தரணியைக் காட்டிக்கொடுக்காமலே ஆகிவிடுவான். அவன் வேலை போகும். தாராபுரத்தில் அவன் தெருவில் அவன் தலை குனிந்து நடப்பான். தரணி காரில் ஏறி வீட்டுக்குப் போவான், ஆவணியில் மாப்பிள்ளை ஆவான், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டது கையருகே வந்து நின்றது. அதைப் பார்த்தபோது, இதுவரை பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

மாஸ்டர் ஜிப்பில் கை வைத்தார்.

"தெறக்காதீங்க மாஸ்டர்." தரணி வரிசையை விட்டு வெளியே வந்திருந்தான். எப்படி நடந்தான் என்று தெரியவில்லை. "வாட்ச் அதுலதான் இருக்குது. நாந்தான் குடுத்தேன்."

பொங்கியண்ணன் திரும்பினார். "காணோம்னு சொன்னியே கண்ணு."

"பொய் சொன்னனுங்கப்பா."

தண்ணீர்த் தொட்டியோரம் நின்ற பீகார்க்காரர் குழாயை மூடிவிட்டு இந்தப் பக்கமே பார்த்தார். தரணியால் அவரையும் பார்க்க முடியவில்லை, அப்பாவையும் பார்க்க முடியவில்லை. அப்பாவின் செருப்பைப் பார்த்தான்.

"அப்ப பனியன்?"

"அதுவும் பொய்யிங்க. அவன் எடுக்கலீங்க. கொடியில காயவே போடலீங்க. அவனும் நானும் ஒண்ணா இருந்தமுங்கப்பா. அவசரத்துல மாறிப்போச்சுங்க."

முன் வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். பின் வரிசைக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆகும், ஊருக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். மாஸ்டர் இன்னும் ஜிப்பில் வைத்த கையை எடுக்காமல் திருதிருவென்று விழித்தார். பொங்கியண்ணன் விழிக்கவில்லை. அவர் தரணியின் சட்டையைப் பார்த்தார். வேலுமணியின் சட்டையைப் பார்த்தார். மேற்கே சாய்ந்திருந்த வெயிலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பட்டப்பகலில் தன் மகனுக்கு அந்த இரண்டு நீலமும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது என்றால் அது எந்த மாதிரி இடமாக இருக்கும் என்று யோசிக்கிறார் என்பது தரணிக்குப் புரிந்தது. அப்பாவின் பார்வை மைதானத்தைத் தாண்டிப் போய், ஜன்னல் இல்லாத அந்தத் தகரக் கூரை அறையின் மூடிய கதவில் நின்றது.

"டியூப்லைட்லயா?" என்று கேட்டார். ரொம்ப மெதுவாக.

"ஆமாங்கப்பா."

அவர் பொன்னாடையை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, ரெண்டு பேரும் போய்ப் பனியனை மாத்திட்டு வாங்க, படத்தை எடுத்துறலாம் என்று எதையோ சொல்லி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்.

"இப்படியே நிக்கறமுங்க," என்றான் தரணி.

மாஸ்டர் பொங்கியண்ணனைப் பார்த்தார். எல்லோரும் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள். அவர் பையை நாற்காலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேரே கேமராவைப் பார்த்தார். வெயில் இறங்குகிறது, எடுங்கள் என்று போட்டோக்காரரிடம் சொன்னார். அவர் வாழ்நாளில் லாட் கலந்த பெட்டி ஒன்றைத் தெரிந்தே விட்டது அன்றுதான்.

படம் எடுத்து முடிந்ததும் எழுந்தார். காருக்குப் போகிற வழியில் தரணியின் பக்கத்தில் நின்றார். தரணி கண்ணை மூடிக்கொண்டான். அடி விழும் என்று நினைத்தான். அப்பா அவன் சட்டையின் கை ஓரத்தை எடுத்து, எந்தத் துணியைப் பார்த்தாலும் செய்கிற மாதிரி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"இன்னைக்கு ஊட்டுக்கு வர வேண்டாம்," என்றார். "உங்கம்மாகிட்ட மொதல்ல நான் பேசோணும்."

அது வா என்பதா, இனிமேல் வராதே என்பதா என்று தரணிக்குத் தெரியவில்லை. கார் கேட்டைத் தாண்டித் தாராபுரம் ரோட்டில் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான். சுற்றிலும் பெற்றோர் பிள்ளைகளை வேகவேகமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சித்ராதேவி டீச்சர் மட்டும் சிவப்புப் பையைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்துவிட்டு, அவன் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

வேலுமணி வந்து பக்கத்தில் நின்றான். தரணி அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. வேலுமணி அதைப் பார்க்காத மாதிரி குனிந்து, பையைத் திறந்து, துண்டைப் பிரித்து வாட்ச்சை எடுத்தான். இடது கையை நீட்டி, வலது கையால் வாரைப் போட்டுப் பார்த்தான். முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. இவ்வளவு நேரமும் இவனும் பயந்துகொண்டுதான் நின்றான் என்பது தரணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கட்டி உடு," என்றான் வேலுமணி.

மைதானத்தில் இன்னும் நூறு பேராவது இருந்தார்கள். தரணி அந்த நூறு பேருக்கு நடுவில் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். வார் முதல் தடவை நழுவியது, இரண்டாவது தடவையும் நழுவியது. மூன்றாவது தடவை ஊசி துளைக்குள் போய் உட்கார்ந்தது.